புது வாத்தியார் உள்ளே வருகிறார்!

*ஜூன் மாத வகுப்பறையில் முதல் பத்து நிமிடம் யார் யாரை எடைபோடுகிறார்கள்?*

ஜூன் மாதத்தில் பதினோராம் வகுப்பின் முதல் பீரியட் தமிழ்நாடு முழுக்க ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடக்கும். புது வகுப்பாசிரியர் வருவார். "குட் மார்னிங் சா...ர்" என்று இழுத்து முடித்து எல்லோரும் உட்கார்ந்ததும் அறிமுகப் படலம். "ஒவ்வொருத்தரா எழுந்திரிங்க. பேரு, எந்த ஸ்கூல்ல இருந்து வர்றீங்க, டென்த்ல எவ்வளவு மார்க். சொல்லுங்க பார்ப்போம்."

முதல் பெஞ்சில் நானூற்று எழுபத்திரண்டு. சாரின் புருவம் ஏறுகிறது, "வெரி குட்". அடுத்து நானூற்று ஐம்பது, "குட்". நாலாவது பெஞ்சில் முந்நூற்றுப் பத்து, ஒரு தலையாட்டல். கடைசி பெஞ்சில் ஒருவன் எழுந்து பெயரைச் சத்தமாகச் சொல்கிறான், பள்ளியையும் சத்தமாகச் சொல்கிறான், மார்க்கை மட்டும் வாய்க்குள் முனகுகிறான். "என்ன? சத்தமா!" "நூத்தித் தொண்ணூத்தெட்டு சார்." வகுப்பு சிரிக்கிறது. சார் சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. "ம், உட்காரு" என்று அடுத்தவனுக்குப் போய்விடுகிறார்.

அவரிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது, குரல் கணீரென்று இருந்தது, யாரையும் அவர் அவமானப்படுத்தவில்லை. அறிமுகத்தை முடித்துவிட்ட திருப்தியோடு கரும்பலகையில் பாடத் தலைப்பை எழுதப் போகிறார். ஆனால், உட்கார்ந்திருக்கும் நாற்பது பேருக்கும் அவரைப் பற்றிய தீர்ப்பு கிடைத்துவிட்டது: சாருக்கு மார்க்குதான் கண்.

முதல் நாள் என்றாலே நமக்கு உடை, நடை, குரல், புன்னகை ஆகியவைதாம் நினைவுக்கு வருகின்றன. புதிதாக வேலைக்குச் சேரும் ஆசிரியர்களுக்குப் பயிற்சிகளிலும் இவற்றைத்தான் சொல்லிக்கொடுக்கிறோம். பிள்ளைகளும் இதையெல்லாம் பார்க்காமல் இல்லை. புடவையின் நிறத்திலிருந்து செருப்பின் வார் வரை ஒரு நிமிடத்தில் பார்த்து முடித்துவிடுவார்கள். பிறகு அவர்கள் தேட ஆரம்பிப்பது வேறொன்றை. 'இவர் என்னை என்னவாக நினைக்கிறார்?' வகுப்பில் ஆசிரியர் மீது எழும் முதல் அபிப்பிராயத்தின் பெரும்பகுதி, அவர் பிள்ளைகள் மீது கொள்ளும் முதல் அபிப்பிராயத்திலிருந்தே உருவாகிறது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான்.

ஸ்லோமோஷன் என்ட்ரி

புது ஆசிரியர் கேட்டுக்குள் வண்டியை நிறுத்துவதற்கு முன்பே அவரைப் பற்றிய செய்தி வந்து சேர்ந்திருக்கும். மாறுதல் கலந்தாய்வு முடிந்த அன்றே, எந்த ஊரிலிருந்து வருகிறார், அடிப்பாரா, அதிகமாக எழுதச் சொல்வாரா என்ற விவரமெல்லாம் அத்தை பையன், டியூஷன் தோழி வழியாக ஊர்விட்டு ஊர் வந்துவிடும். முதல் வாரத்துக்குள் பட்டப்பெயரும் தயார். ஒரு முறை ஒட்டிய பட்டப்பெயர் ஓய்வுபெறும் வரை போகாது. அடுத்த தலைமுறை மாணவர்களுக்கு அது எதனால் வந்தது என்றுகூடத் தெரிந்திருக்காது.

இதில் சினிமாவின் பங்கையும் சொல்ல வேண்டும். 'சாட்டை' (2012), 'ராட்சசி' (2019), 'மாஸ்டர்' (2021) என்று தமிழ் சினிமா ஆசிரியரை எப்போதும் நாயகனாகவோ நாயகியாகவோதான் உள்ளே அனுப்புகிறது. அவர் காலடி வைத்த கணத்திலேயே பள்ளி மாற ஆரம்பித்துவிடும். நிஜத்துக்குப் பக்கத்தில் வருவது 'வாகை சூட வா' (2011). 1966இல் நடக்கும் கதை. செங்கல் சூளையில் வேலை செய்யும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வரும் இளைஞனை அந்தப் பொடிசுகள் ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. அவனை ஏய்த்து விளையாடுகிறார்கள். அவன் மீது அவர்களுக்கு நம்பிக்கை வருவதற்குப் பாதிப் படம் ஓடிவிடும். ஸ்லோமோஷன் என்ட்ரியைவிட அந்தப் பாதிப் படம்தான் ஆசிரியர்களுக்குப் பழக்கமானது.

பத்து விநாடி, சத்தமில்லாமல்

அந்த முதல் நொடிகளுக்கு உண்மையிலேயே அவ்வளவு வலு உண்டா என்று அளந்து பார்த்தவர் நளினி அம்பாடி. கல்கத்தாவில் பிறந்து, அமெரிக்காவில் உளவியல் பேராசிரியரானவர். ராபர்ட் ரோசென்தால் என்ற மூத்த ஆய்வாளருடன் சேர்ந்து 1993இல் அவர் வெளியிட்ட ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. ஹார்வர்டில் வகுப்பெடுத்த 13 இளம் ஆசிரியர்களை வீடியோ எடுத்தார்கள். ஒவ்வொருவர் வகுப்பிலிருந்தும் 10 விநாடித் துண்டுகள் மூன்றை வெட்டி, ஒலியை நீக்கிவிட்டு, அவர்களை முன்பின் அறியாதவர்களிடம் காட்டி மதிப்பெண் போடச் சொன்னார்கள். அந்த மதிப்பெண்ணும், பருவ முடிவில் அந்த ஆசிரியர்களின் சொந்த மாணவர்கள் கொடுத்த மதிப்பீடும் பெரிதும் ஒத்துப்போயின. துண்டுகளை இரண்டு விநாடியாகச் சுருக்கியபோதும் பொருத்தம் நீடித்தது.

ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் பார்த்தவர்கள் எதைக் கண்டார்கள்? நல்ல மதிப்பீடு பெற்றவர்கள் நடமாடினார்கள், சிரித்தார்கள், உடம்பில் உயிர்ப்பு இருந்தது. குறைவாகப் பெற்றவர்கள் பெரும்பாலும் உட்கார்ந்தே இருந்தார்கள், தலையைத் தொட்டுக்கொண்டார்கள், ஆமோதித்துத் தலையசைப்பதைவிட மறுத்துத் தலையாட்டுவது அதிகமாக இருந்தது.

இதைப் படித்துவிட்டு நாளையே கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பழக வேண்டியதில்லை. பிடித்துப்போவது வேறு, கற்றுக்கொள்வது வேறு. 1970இல் கலிஃபோர்னியாவில் மைக்கேல் ஃபாக்ஸ் என்ற நடிகரை 'டாக்டர் மைரன் ஃபாக்ஸ்' என்று வேடங்கட்டி, மருத்துவக் கல்வியில் கணிதத்தின் பயன்பாடு பற்றி மனநல வல்லுநர்கள் முன்னால் பேசவைத்தார்கள். பேச்சில் முன்னுக்குப்பின் முரணும் அர்த்தமில்லாத சொற்களும் வேண்டுமென்றே நிரப்பப்பட்டிருந்தன. நகைச்சுவையோடும் தோரணையோடும் பேசினார். படித்த பெருமக்கள் அசந்துபோய் நல்ல மதிப்பெண் கொடுத்தார்கள்! 2010இல் அமெரிக்க விமானப் படைக் கல்லூரியின் கணக்கு வகுப்புகளை வைத்து வந்த ஆய்வு இன்னும் சங்கடமானது. மாணவர்களிடம் அதிக மதிப்பீடு வாங்கிய ஆசிரியர்களிடம் படித்தவர்கள் அந்தப் பாடத்தில் நன்றாகச் செய்தார்கள். அதைத் தொடர்ந்து வரும் அடுத்த நிலைப் பாடங்களில் பின்தங்கினார்கள்.

ஆக, முதல் பத்து விநாடி கதவைத் திறந்துவிடும், அவ்வளவுதான்.

ஸ்டாஃப் ரூமில் கிடைக்கும் சீட்டு

முதல் நாளுக்கு முன்பே செய்தி வந்துவிடுகிறது என்று சொன்னேன் அல்லவா, அதன் விளைவை 1950இல் ஹெரால்ட் கெல்லி என்ற உளவியலாளர் சோதித்தார். எம்.ஐ.டி.யில் ஒரு வகுப்பு. மாற்று ஆசிரியர் ஒருவர் வரப்போகிறார் என்று சொல்லி, அவரைப் பற்றிய சிறுகுறிப்பு ஒன்றை மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். குறிப்பு எல்லோருக்கும் ஒன்றுதான். ஒரே ஓர் இடத்தில் மட்டும் மாற்றம். பாதிப் பேருக்குக் கிடைத்ததில் அவர் 'மிக அன்பானவர்' என்றிருந்தது, மீதிப் பேருக்குச் 'சற்று ஒட்டாதவர்'. வந்த ஆசிரியர் ஒருவரே, எடுத்த வகுப்பும் ஒன்றே. ஆனால் 'அன்பானவர்' என்று படித்திருந்தவர்களில் 56 சதவீதம் பேர் விவாதத்தில் பேசினார்கள். மற்றவர்களில் 32 சதவீதம்.

நம் பள்ளிகளில் இந்தச் சீட்டு எதிர்த்திசையிலும் பயணிக்கிறது. புதிதாக வந்தவர் கையெழுத்துப் போட்டுவிட்டு ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்ததும், டீ வருவதற்கு முன்பே வந்துவிடும் அது. "நைன்த் பி-யா? அடடா. அந்தக் கடைசி பெஞ்ச் நாலு பேர் கிட்ட மட்டும் உஷாரா இருங்க சார். ஒருத்தன் வாயைத் தொறந்தா பொய்." சொல்பவருக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. இளையவருக்கு உதவுவதாகத்தான் நினைக்கிறார். இளையவர் வகுப்புக்குள் நுழைந்ததும் கண் தானாகக் கடைசி பெஞ்சுக்குப் போகிறது. அந்த நாலு பேரும் அந்தப் பார்வையைப் பார்த்துவிடுகிறார்கள். இவருக்கும் சொல்லியாச்சு என்று அவர்களுக்குப் புரிந்துவிடும். பிறகு அவர்கள் ஏன் நல்லவர்களாக நடந்து நேரத்தை வீணாக்கப் போகிறார்கள்?

அம்பாடியோடு ஆய்வு செய்த அதே ரோசென்தால், லெனோர் ஜேக்கப்சன் என்ற பள்ளி முதல்வருடன் சேர்ந்து 1968இல் வெளியிட்ட புத்தகம் இந்த விஷயத்தில் பெரும் புயலைக் கிளப்பியது. கலிஃபோர்னியாவில் ஒரு தொடக்கப் பள்ளி. பிள்ளைகளுக்கு ஒரு சாதாரணத் தேர்வு வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஐந்தில் ஒரு பங்குப் பேரின் பெயரை எடுத்து, 'இவர்கள் இந்த ஆண்டு திடீரென்று முன்னேறப்போகிறவர்கள்' என்று ஆசிரியர்களிடம் சொல்லிவைத்தார்கள். ஆண்டு முடிவில் முதல், இரண்டாம் வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் உண்மையாகவே மற்றவர்களைவிட ஏறியிருந்தார்கள். மேல் வகுப்புகளில் அப்படி இல்லை. ஆய்வின் முறை பற்றிக் கடுமையான விமர்சனங்கள் வந்தன. அதே சோதனையைப் பலர் செய்துபார்த்ததில் சிலருக்கு அந்த விளைவு கிடைத்தது, சிலருக்குக் கிடைக்கவில்லை. ஏன் இந்தக் குழப்பம் என்று 1984இல் ஸ்டீஃபன் ராடென்புஷ் அந்தச் சோதனைகளையெல்லாம் ஒன்றாக அடுக்கிப் பார்த்தார். விடை எளிமையாக இருந்தது. ஆசிரியருக்குப் பிள்ளைகளோடு இரண்டு வாரத்துக்கு மேல் பழக்கம் ஏற்பட்டிருந்தால், வெளியிலிருந்து சொல்லப்பட்ட பொய் எடுபடவில்லை. அறிமுகமே இல்லாத முதல் நாட்களில் சொன்னால் எடுபட்டது.

புது ஆசிரியர்களுக்கு நான் சொல்ல விரும்பும் ஒரு நடைமுறை யோசனை இதிலிருந்து வருகிறது. ஸ்டாஃப் ரூம் ஜாதகத்தை இரண்டு வாரம் கேட்காதீர்கள். "அப்புறமா சொல்லுங்க சார், நானே கொஞ்சம் பார்த்துக்கிறேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னால் எந்த மூத்தவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். (உடல்நலம், வீட்டுச் சூழல் போன்ற அவசியத் தகவல்கள் வேறு, அவற்றை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.)

ஆசிரியரும் மாணவரும் ஒருவரையொருவர் எடைபோடும் இந்த இருமுகப் பார்வை நமக்குப் புதிதில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல், இலக்கணத்துக்குள் போவதற்கு முன் ஆசிரியரையும் மாணவரையும் வகைப்படுத்துகிறது. நல்லாசிரியருக்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் என்று உவமை. ஆகாதவர் பட்டியலில் மடற்பனை இருக்கிறது: பழம் தானாக விழுந்தால் உண்டு, கருக்கு மட்டைக்குப் பயந்து யாரும் நெருங்க முடியாது. மாணவர்களையும் அவர் விடவில்லை; அன்னம், பசு என்று தொடங்கி ஓட்டைக் குடம், எருமை வரை எட்டு வகை. இந்தப் பட்டியலைத்தான் ஆசிரியர்கள் அதிகம் நினைவில் வைத்திருக்கிறார்கள், கடைசி பெஞ்சைப் பார்க்கும்போது குறிப்பாக எருமையை. பாடம் சொல்லும் முறை பற்றி அதே பாயிரத்தில் இருக்கும் பகுதி அவ்வளவாக நினைவில் இருப்பதில்லை. சொல்லப்போவதை மனத்தில் முன்பே அமைத்துக்கொண்டு, அவசரப்படாமல், கோபப்படாமல், விருப்பத்தோடு, மலர்ந்த முகத்தோடு, எதிரில் இருப்பவன் எப்படி எடுத்துக்கொள்வான் என்று அறிந்து சொல்ல வேண்டும் என்கிறார் பவணந்தியார். எழுநூறு ஆண்டுகள் கழித்து வந்த பி.எட். புத்தகங்கள் இதைத் தாண்டிப் பெரிதாக எதையும் சொல்லிவிடவில்லை.

படிவங்களின் வாரம்

முதல் வாரம் பாடத்தின் வாரம் என்று நினைத்தால் தவறு. அரசுப் பள்ளிகளில் அது படிவங்களின் வாரம். எமிஸ் தளத்துக்கு விவரம் சரிபார்க்க வேண்டும், ஆதார், வங்கிக் கணக்கு எண், கல்வி உதவித்தொகை, பஸ் பாஸ், விலையில்லாப் பொருட்களுக்கான பட்டியல். எல்லாம் வகுப்பாசிரியர் தலையில். நேரமில்லை, நாளைக்குள் கொடு என்று மேலிருந்து செய்தி வந்திருக்கும். அந்த அவசரத்தில்தான் சில கேள்விகள் வகுப்பு நடுவில் வந்து விழுகின்றன.

"அப்பா என்ன வேலை பார்க்கிறார்?" "இல்ல மிஸ்." "வேலை இல்லையா?" "அப்பா இல்ல மிஸ்." கேட்டவருக்கும் சங்கடம், சொன்ன பிள்ளைக்கும் சங்கடம். முப்பது ஜோடிக் கண்கள் திரும்பிப் பார்க்கின்றன.

இதைவிட மோசமானது உதவித்தொகைப் பட்டியல். "எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைங்க எல்லாம் எழுந்து நில்லுங்க, ஃபார்ம் தர்றேன்." எவ்வளவோ பேர் தங்கள் பள்ளி நாட்களைப் பற்றிப் பேசும்போது இந்த வரியைச் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு அதுவரை தெரியாத ஒன்றை ஆசிரியரே அறிவித்துவிடுகிறார். அவர் மனதில் சாதி இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை. படிவத்தை முடிக்கும் அவசரம் மட்டுமே இருந்திருக்கலாம். எழுந்து நிற்கும் பிள்ளைக்கு அந்த வேறுபாடு தெரியப்போவதில்லை. அந்த ஆசிரியரின் முதல் வாரத்திலிருந்து அதற்கு நினைவில் நிற்பது இது ஒன்றுதான்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவனும் அவன் தங்கையும் வீட்டிலேயே வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்களில் அவன் பள்ளி மாணவர்கள் இருந்தார்கள். அதன்பின் அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. அதன் பரிந்துரைகளில் சில நேராக முதல் வாரத்துக்குரியவை. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது. எந்த ஆசிரியரும் மாணவரைச் சாதி சொல்லியோ, சாதியைக் குறிப்பால் உணர்த்தியோ அழைக்கக் கூடாது. மாணவர்களைப் பெயரின் அகர வரிசைப்படி உட்காரவைக்க வேண்டும். பெரிய செலவு பிடிக்கும் காரியம் எதுவும் இதில் இல்லை. பிள்ளைகளைத் தனியாகக் கூப்பிட்டுப் படிவத்தைக் கொடுப்பதற்கும் செலவில்லை, ஒரு மதிய உணவு இடைவேளை போதும்.

யார் எங்கே உட்காருவது என்பதும் முதல் நாளே முடிவாகிவிடும் விஷயம். 'ஸ்தானார்த்தி ஸ்ரீகுட்டன்' மலையாளப் படத்தைத் தொடர்ந்து, கடைசி பெஞ்சே இல்லாத 'ப' வடிவ இருக்கை பற்றி 2025 ஜூலையில் தமிழ்நாட்டில் சுற்றறிக்கையும் வந்தது, விவாதமும் கிளம்பியது. நாற்பது, ஐம்பது பேர் நெருக்கி உட்காரும் அறையில் 'ப' எப்படிப் போடுவது என்ற கேள்வி நியாயமானது. பெஞ்சை நகர்த்த முடியாத அறையில் ஆசிரியர் நகரலாம். பாதி நேரம் வகுப்பின் பின்பக்கம் நின்று பாடம் நடத்துபவருக்குக் கடைசி பெஞ்ச்தான் முதல் பெஞ்ச்.

"முதல் நாளே கொஞ்சம் கெத்தா இரு"

புதியவருக்கு மூத்தவர்கள் சொல்லும் இன்னொரு அறிவுரை இது. முதலில் இறுக்கிப் பிடி, அப்புறம் விட்டுப் பிடிக்கலாம். முதலிலேயே சிரித்துவிட்டால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். முழுக்கத் தவறு என்று தள்ள மாட்டேன். ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் புது ஆசிரியரைச் சோதித்துப் பார்ப்பது உண்மை. கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் ஒரு பூனைக் குரல், பேனா உருளும் சத்தம், "சார், தண்ணி குடிக்கப் போகலாமா?" என்று வரிசையாக ஆறு பேர். பிரம்பால் பதில் சொன்ன காலமும் உண்டு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், உடலை வருத்தும் தண்டனையையும் மனத்தை வருத்தும் தொல்லையையும் சேர்த்தே தடை செய்திருக்கிறது. முறைப்புக்குத் தடையில்லை. அதனால் முறைப்பு மட்டும் மிச்சமிருக்கிறது.

அமெரிக்காவில் எம்மர், எவர்ட்சன், ஆண்டர்சன் என்ற மூவர் 1980இல் வெளியிட்ட ஆய்வுக்காக மூன்றாம் வகுப்பு ஆசிரியர்கள் 27 பேரைப் பள்ளி திறந்த நாளிலிருந்து கூடவே இருந்து கவனித்தார்கள். ஆண்டு முழுக்க வகுப்பு ஒழுங்காக நடந்த ஆசிரியர்கள் முதல் சில வாரங்களில் என்ன செய்தார்கள் என்பது அவர்கள் கேள்வி. நடைமுறைகளைப் பாடம் போலவே சொல்லிக்கொடுத்தார்கள் என்பது விடை. நோட்டை எப்படி வாங்கி வைப்பது, சந்தேகம் வந்தால் என்ன செய்வது, வெளியே போக எப்போது கேட்கலாம் என்றெல்லாம் விளக்கி, செய்துகாட்டி, பிள்ளைகளைச் செய்யவைத்துப் பார்த்தார்கள். விதி என்ன என்று தெரியாத வகுப்பில்தான் ஆறு பேர் தண்ணீருக்கு எழுந்திருக்கிறார்கள். "பெல் அடிச்சதும் போங்க, நடுவுல அவசரம்னா கை தூக்குங்க, ஒருத்தர் வந்தப்புறம் அடுத்தவர்" என்று முதல் நாள் சொல்லி, மூன்றாம் நாளும் அதையே கடைப்பிடித்தால் சோதிப்பதற்கு அதிகம் மிச்சமிருக்காது. சொன்ன விதியை வகுப்பில் முதலாவதாக வரும் பெண்ணுக்கும் அந்த நூற்றுத் தொண்ணூற்றெட்டுக்கும் ஒரே மாதிரி பின்பற்றுகிறாரா என்பதை மட்டும் பிள்ளைகள் விடாமல் கவனிப்பார்கள்.

இதற்கு நேர் எதிர்முனையும் இப்போது வந்துவிட்டது. வகுப்பு வாசலில் இதயம், கைகுலுக்கல், நடனம் என்று படங்கள் ஒட்டி, பிள்ளை தொட்டுக் காட்டும் விதத்தில் வரவேற்கும் ரீல்ஸ். 2017இல் அமெரிக்காவின் சார்லட் நகரில் பேரி ஒயிட் என்ற ஆசிரியர் தன் மாணவர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு கைகுலுக்கல் வைத்திருந்த வீடியோ உலகெங்கும் பரவியதிலிருந்து இந்த வழக்கம் வளர்ந்தது. வாசலில் நின்று பெயர் சொல்லி வரவேற்பதால் வகுப்பில் கவனம் கூடுகிறது என்று ஆய்வுகளும் உண்டு. எனக்கு உறுத்துவது கேமராதான். யாருக்காக இந்தச் சிரிப்பு என்று ஏழாம் வகுப்புக்கு நன்றாகவே தெரியும்.

கிஜுபாயின் முதல் நாள்

முதல் நாள் சொதப்பிய ஆசிரியர்களில் இந்தியக் கல்வி உலகம் என்றும் மறக்காத ஒருவர் இருக்கிறார். அவர் ஒரு கதாபாத்திரம். வக்கீல் தொழிலை விட்டுவிட்டுக் குஜராத்தின் பாவ்நகரில் குழந்தைகள் பள்ளிக்கு வந்த கிஜுபாய் பதேக்கா (1885–1939) எழுதிய 'திவாஸ்வப்னா'வின் நாயகன். தமிழில் 'பகல் கனவு' என்று வந்திருக்கிறது. மீசை வைத்த அம்மா என்று குஜராத்தியர் செல்லமாக அழைத்த கிஜுபாய், தன் கற்பனை ஆசிரியரை ஒரு சாதாரணப் பள்ளியின் நாலாம் வகுப்புக்குள் அனுப்புகிறார்.

அந்த ஆசிரியர் நிறையப் படித்தவர். புதிய கல்வி முறைகளைப் பற்றித் தலை நிறையத் திட்டங்களோடு வருகிறார். முதல் நாள் நிகழ்ச்சி நிரலில் மௌன விளையாட்டு. பிள்ளைகள் அமைதியாக இருக்க வேண்டும், சுற்றிலும் கேட்கும் ஒலிகளைக் கவனிக்க வேண்டும். கதவை, ஜன்னலைச் சாத்துகிறார். ஒருவன் ஏதோ சத்தம் எழுப்புகிறான், இன்னொருவன் கை தட்டுகிறான், யாரோ சிரிக்கிறார்கள், வகுப்பே அதகளமாகிறது. திட்டம் தவிடுபொடி. வேறு வழியில்லாமல் அன்றைக்கு விடுமுறை விட்டு அனுப்பிவிட, தலைமையாசிரியரிடம் வாங்கிக்கட்டிக்கொள்வதும் நடக்கிறது.

மறுநாள் அவர் கையில் வைத்திருந்தது ஒரு கதை. ராஜா, ராணிகள் என்று ஆரம்பிக்கிறார். அதே பிள்ளைகள், அதே அறை. ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. முந்தைய நாள் அவர் கேட்டுப் பெற முடியாத மௌனம் இப்போது கேட்காமலே வந்து உட்கார்ந்திருக்கிறது. மணி அடித்தும் கதையை நிறுத்த விடவில்லை பிள்ளைகள்.

இந்த இரண்டு நாட்களுக்கும் இடையில் அவர் உடையோ குரலோ மாறவில்லை. முதல் நாள் அவர் பார்த்தது தன் திட்டத்தை. இரண்டாம் நாள் எதிரில் இருக்கும் பத்து வயதுப் பிள்ளைகளை. தோற்ற நாளை அவர் மறைக்கவோ, அதற்காகப் பிள்ளைகளைப் பழிவாங்கவோ இல்லை என்பதும் முக்கியம். முதல் நாள் கைநழுவினால் எல்லாம் போயிற்று என்று பதறும் இளம் ஆசிரியர்கள் இந்தப் புத்தகத்தின் முதல் சில பக்கங்களை மட்டுமாவது படிக்கலாம்.

இன்னொரு முதல் நாளும் தமிழ் ஆசிரியர்களிடையே பிரபலம். டெட்சுகோ குரோயாநாகியின் 'டோட்டோ-சான்'. முதல் வகுப்பிலேயே பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட சிறுமி, டோக்கியோவின் டொமோயே பள்ளிக்கு அம்மாவோடு வருகிறாள். தலைமையாசிரியர் கோபயாஷி அம்மாவை அனுப்பிவிட்டு, நாற்காலியை இழுத்து அவள் எதிரே போட்டு, உனக்குச் சொல்லத் தோன்றுவதையெல்லாம் சொல் என்கிறார். அவள் நான்கு மணி நேரம் பேசுகிறாள். அவர் ஒரு கொட்டாவிகூட விடவில்லை. நாலு மணி நேரம் நம் தலைமையாசிரியர்களால் முடியாது. அதற்குள் நாலு ஆன்லைன் மீட்டிங் வந்துவிடும். நான்கு நிமிடம் முடியும். ஐந்தாம் வகுப்பு வரை ஒரே டீச்சரின் முந்தானையைப் பிடித்து வளர்ந்துவிட்டு, ஆறாம் வகுப்பில் பீரியடுக்கு ஒருவர் என்று வந்து போகும் பெரிய பள்ளியில் வழி தெரியாமல் நிற்கும் பிள்ளைக்கு அந்த நான்கு நிமிடம் பெரிய விஷயம்.

பெயர்

நாற்பது பேரோடும் நான்கு நிமிடம் பேச முடியாத இடத்தில் பெயர் உதவுகிறது. "ஏய், நீ... மஞ்ச ரிப்பன்" என்று அழைக்கப்படுவதற்கும் பெயர் சொல்லி அழைக்கப்படுவதற்கும் உள்ள தூரத்தை எந்தப் பிள்ளையிடம் வேண்டுமானாலும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பெரிய வகுப்பு ஒன்றில் மாணவர்களின் பெயரை மடித்த அட்டையில் எழுதி மேசை மேல் வைக்கச் செய்தார்கள். 2017இல் வெளியான அந்த ஆய்வில் 78 சதவீத மாணவர்கள் தங்கள் பெயர் ஆசிரியருக்குத் தெரியும் என்றார்கள். ஆசிரியர்களுக்கு உண்மையில் தெரிந்திருந்தது 53 சதவீதம் பேரின் பெயர்தான்! பெயர் மனப்பாடம் ஆகாவிட்டாலும், கூப்பிடும்போது பெயர் வந்தால் போதுமானதாக இருக்கிறது. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை மடித்தால் இதே வேலை நடந்துவிடும்.

முன்பெல்லாம் வருகைப் பதிவேடு இந்த வேலையைச் செய்துகொடுத்தது. பெயரைக் கூப்பிடுவார், "உள்ளேன் ஐயா" என்று பதில் வரும், நிமிர்ந்து ஒரு முகத்தைப் பார்ப்பார். இப்போது டி.என்.எஸ்.இ.டி. செயலியில் வருகையைப் போட வேண்டும். பல பள்ளிகளில் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்காது. ஆசிரியர் செல்போனைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரம் போகிறார், சுற்றும் வட்டத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். காலையில் பிள்ளைகள் முதலில் காண்பது குனிந்த தலையை. இதற்கு அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. முதல் ஒரு வாரமாவது பெயர்களை வாயால் கூப்பிட்டு, தாளில் குறித்து, பிறகு செயலியில் ஏற்றிக்கொள்ளும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஐந்து நிமிடம் கூடுதல் வேலைதான்.

நடுவில் வருகிறவர்கள்

எல்லோருக்கும் ஜூன் மாதம் வாய்ப்பதில்லை. மகப்பேறு விடுப்பில் போனவருக்குப் பதிலாக, ஓய்வுபெற்றவரின் இடத்துக்கு என்று செப்டம்பரிலும் நவம்பரிலும் வகுப்புக்குள் நுழைகிறவர்கள் இருக்கிறார்கள். பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தொகுப்பூதியத்தில் எடுக்கப்படும் தற்காலிக ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நுழையும்போது வகுப்புக்கு ஏற்கெனவே ஒரு பழக்கமும், போன ஆசிரியர் மீது பாசமோ கோபமோ இருக்கும். "பழைய மிஸ் இப்படி நடத்த மாட்டாங்க" என்ற ஒப்பீடு முதல் நாளே வரும். பழைய மிஸ்ஸைக் குறை சொல்லித் தன்னை நிலைநாட்டப் பார்ப்பது அந்த நேரத்தில் செய்யக்கூடிய மிகப் பெரிய தவறு. பாதியில் விட்டுப்போன ஒருவரை இன்னும் விரும்பிக்கொண்டிருக்கும் பிள்ளைகளிடம் அது எடுபடாது. "அவங்க எப்படிச் சொல்லித்தருவாங்க? சொல்லுங்க, அதையும் பார்ப்போம்" என்று கேட்பவருக்கு அந்த வகுப்பின் பழக்கவழக்கம் முழுவதும் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும், பிள்ளைகளே போட்டி போட்டுக்கொண்டு சொல்லிவிடுவார்கள்.

தற்காலிக ஆசிரியர்களிடம் பிள்ளைகள் தவறாமல் கேட்கும் இன்னொரு கேள்வியும் உண்டு. "நீங்க எத்தனை நாள் இருப்பீங்க சார்?" கிண்டல் போலத்தான் இருக்கும். வருகிறவர்கள் எல்லாம் போய்க்கொண்டே இருக்கும் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள் கேட்பது இது, அதில் கிண்டல் குறைவு. "அதெல்லாம் உனக்கெதுக்கு, புத்தகத்தை எடு" என்று அதட்டுபவர்களும் உண்டு. தெரிந்ததைச் சொல்லிவிடுகிறவர்களும் உண்டு: "ஆர்டர்ல ஏப்ரல் வரைக்கும்னு போட்டிருக்கு. நடுவுல ரெகுலர் டீச்சர் வந்தா அதுக்கு முன்னாடியே போயிடுவேன். அதுக்குள்ள நாலு பாடம் முடிக்கணும். எது உங்களுக்குக் கஷ்டமா இருக்கு, அதுலேருந்து ஆரம்பிக்கலாமா?"